தள்ளிப்போன மூன்று மாதங்கள்

பிரிக்காத நாப்கின் பாக்கெட் ஒன்றை என் புத்தகப் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இத்த நீயே வெச்சிக்கோ பாப்பா. எனக்கு இனிமே கொஞ்ச நாளைக்கு வேணாம்" என்றாள் சித்தி. அன்று வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலைத் துண்டால் சுற்றிக் கட்டியிருந்தாள். நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் இருந்த இரண்டு பெண்களுக்கும் சேர்த்துத்தான் மளிகையோடு மாதம் இரண்டு பாக்கெட் வரும். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. அவள் சொன்னதன் பொருள் எனக்கு உடனே பிடிபடவில்லை. பள்ளிக்கூடப் பேருந்தில் பாதி வழி போன பிறகுதான் புரிந்தது. புரிந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் தெரிந்தது.

சித்தி என் அம்மாவின் தங்கை. அவர்கள் பிறந்த ஊர் மதுராந்தகம். சித்தப்பா கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் போர்மேன். கடல் தண்ணீரை உள்ளே இழுத்து இயந்திரங்களைக் குளிரவைக்கும் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருந்தார். டவுன்ஷிப்பில் தரைத்தள குவார்ட்டர்ஸ், பின்பக்கம் ஒரு முருங்கை மரம், துணி துவைக்கும் கல், குழாய். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே இருந்த பள்ளிக்கூடத்துக்கு நல்ல பெயர். அதில் சேரட்டும் என்று சித்திதான் என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கேட்டு வாங்கிக்கொண்டாள் என்றுதான் அம்மாவும் சொல்வாள். சித்திக்குத் திருமணமாகி இருபது வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. செங்கல்பட்டிலும் சென்னையிலும் பார்க்காத வைத்தியம் இல்லை. முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயதில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். அதன் பிறகு யார் கேட்டாலும், "இவதான் என் பொண்ணு" என்று என்னைக் காட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அதுவரை தேதி தவறாமல் வந்துகொண்டிருந்தது, முதல் முறையாகத் தள்ளிப்போயிருந்தது. அடுத்த மாதமும் வரவில்லை. மார்பு கனத்து வலிக்கிறது என்றாள். வயிறு உப்பியது போலிருக்கிறது என்றாள். புடவைக் கொசுவத்தை லேசாகச் செருகிக்கொண்டாள். மீன்காரி வாசலில் கூடையை இறக்கினால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். இவை எல்லாம் கர்ப்பத்தில் வருபவை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கருமுட்டை தீர்ந்துகொண்டிருக்கிற உடம்பிலும், ஈஸ்ட்ரோஜன் ஒரு மாதம் எகிறி ஒரு மாதம் சரியும்போது, இவை அப்படியே வரும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தச் சொல்லையே அப்போது நாங்கள் யாரும் கேட்டதில்லை.

சித்தப்பா அதிகம் பேசாதவர். இரண்டாவது மாத முடிவில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "ஒரு வாட்டி டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாமே" என்றார்.

"வேணாம்" என்றாள் சித்தி. "போனா இல்லன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. எத்தினி வாட்டி கேட்டாச்சு அந்த வார்த்தய. மூணு மாசம் முடியட்டும். அப்புறம் நானே வரேன்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். அவருக்கும் கேட்க வேண்டாம் என்றுதான் இருந்திருக்கும்.

அந்த வாரங்களில் வீடு வேறு வீடாக இருந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த அக்காவும் அப்போது முழுகாமல் இருந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது, அது முதல் குழந்தை. மாலையில் இருவரும் பின்கட்டில் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து மாங்காய்க் கீற்றை உப்பு மிளகாயில் தொட்டுத் தின்றுகொண்டே பேசுவார்கள். இருபது வருஷமாகக் கேட்கும் இடத்தில் மட்டுமே இருந்தவள் இப்போது சரிக்குச் சரி பேசினாள். "எனக்கும் அப்டித்தான்க்கா இருக்குது" என்று அந்தச் சின்னப் பெண் சொல்லும்போது சித்தியின் முகத்தில் வந்த நிறைவை நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். செய்தி கேட்டு அம்மா மதுராந்தகத்திலிருந்து வந்தாள். தங்கையைக் கட்டிக்கொண்டாள், கன்னம் வழித்து நெட்டி முறித்தாள். பிறகு என்னைத் தனியாக முருங்கை மரத்தடிக்குக் கூட்டிப்போய், "டாக்டர் கிட்ட காட்டினாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நாப்பத்தி மூணு ஆவுதேடி அவளுக்கு" என்று மட்டும் சொன்னாள். தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சந்தேகத்தை எப்படிச் சொல்வது? அம்மாவால் முடியவில்லை.

மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்ததைச் செலுத்த அம்மாவும் சித்தியும் நானும் போனோம். கிருத்திகை. கூட்டம் தாங்கவில்லை. பாலாபிஷேகத்துக்கு நின்று, பிராகாரம் சுற்றி, வெளியே வந்து வடையும் காபியும் சாப்பிட்டோம். சித்தி சோர்ந்திருந்தாள், ஆனால் சந்தோஷமாக இருந்தாள். திரும்பும்போது மாமல்லபுரம் வரை ஒரு பேருந்து, அங்கே மாறி கல்பாக்கத்துக்கு இன்னொன்று. முதல் பேருந்தில் அம்மா கெஞ்சிக் கேட்டு சித்திக்கு ஜன்னலோர இடம் வாங்கிக் கொடுத்தாள். நான் அவள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழியில் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பேருந்து குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. ஏதோ ஓர் இடத்தில் சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் குனிந்தேன். "எனக்கு இன்னாமோ பண்ணுது பாப்பா" என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள்.

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது அவள் புடவையின் பின்பக்கம் நனைந்துபோயிருந்தது. மஞ்சள் புடவை. அம்மா தன் முந்தானையை விரித்து அவளை மறைத்துக்கொண்டாள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் மூவரும் அப்படியே நின்றோம். வெள்ளைக்காரர்கள் பைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். கல் சிலைகளைக் கூவி விற்றார்கள். சங்கும் சோழிமாலையும் தொங்கவிட்டிருந்த ஒரு கடையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். ஐம்பது வயதிருக்கும். எதுவும் கேட்காமல் சித்தியின் தோளைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். தார்ப்பாய் மறைப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் இருந்தது. தன் பையிலிருந்து பழைய புடவை ஒன்றை எடுத்துப் பாதியாகக் கிழித்தாள்.

"ஒக்காரும்மா. பயப்படாத. இன்னா, இம்மா ரத்தம் போவுதே" என்றவள், சித்தியின் முகத்தை நிமிர்த்திப் பார்த்துக் கேட்டாள்: "எத்தினி மாசம்?"

"மூணு" என்றாள் சித்தி.

"ஐயோ, கலஞ்சிடுச்சா" என்றாள் அந்தப் பெண். அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. "பஸ்ல எதுக்கும்மா வந்தீங்க இந்த மாதிரி ரோட்ல?"

அதுவரை அழாத சித்தி அந்தக் கேள்விக்குத்தான் அழுதாள். அந்தப் பெண் அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள். அன்று எங்களுக்கு உதவியவள் அவள் ஒருத்திதான். இன்றும் அவளை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அவள் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தையைச் சித்தி அதன் பிறகு எந்த டாக்டருக்காகவும் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சித்தப்பா அவளைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். ரயில்வே ஸ்டேஷனுக்கு அருகில் மாடியில் இருந்த தனியார் கிளினிக். சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா நல்லவர். பொறுமையாகத்தான் பேசினார். கர்ப்பம் இல்லை, இருந்திருக்கவும் இல்லை என்றார். இருந்து கலைந்திருந்தால் அதன் அடையாளம் இரண்டு நாளில் மறைந்துவிடாது, பரிசோதனையில் தெரியும் என்றார். மாதவிலக்கு நிற்கப்போகிற காலம் தொடங்கியிருக்கிறது, சில மாதம் முட்டையே வெளிவராது, ஹார்மோன் ஏறுக்குமாறாக இருக்கும், கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போய் ஒருநாள் மொத்தமாக உதிரும், அப்போது இப்படிக் கொட்டும் என்றார். ரத்தம் ஏறுவதற்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இன்னும் சில வருஷம் இப்படித்தான் முன்னே பின்னே வரும். அப்புறம் நின்னுடும்மா" என்றார்.

சித்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வெளியே மாடிப்படியில் இறங்கும்போது, "அந்தம்மாவுக்குத் தெரியாது" என்றாள். சித்தப்பா நின்று, டாக்டர் சொன்னதை மறுபடி சொன்னார். பேருந்தில் ஒருமுறை சொன்னார். வீட்டில் ஒருமுறை தாளில் கோடு வரைந்து காட்டினார். மேலே ஏறும் கோடு, கீழே இறங்கும் கோடு. வேலையில் இளையவர்களுக்கு அழுத்தமானியைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது போல நிதானமாகச் சொன்னார். அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். "ஒடம்பு யாருது?" என்று கேட்டாள். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

டாக்டர் சொன்னதுதான் நடந்தது. ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது, வந்தால் பத்து நாள் நிற்காது. ஒவ்வொரு முறை தள்ளிப்போகும்போதும் அவள் கண்ணில் ஏதோ ஒன்று விழித்துக்கொள்வதைப் பார்ப்பேன். ஒவ்வொரு முறை வரும்போதும் அது அணைவதையும் பார்ப்பேன். பிறகு அந்தச் சூடு தொடங்கியது. பேசிக்கொண்டே இருக்கும்போது மார்பிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து முகத்துக்கும் சிவப்பு ஏறும். நெற்றி, மேலுதடு, கழுத்து மடிப்பு எல்லாம் வியர்த்து வழியும். கொஞ்ச நேரத்தில் குளிர்ந்து நடுங்குவாள். தோசைக் கல்லை அப்படியே விட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடிக் குழாயைத் திறந்து புடவையோடு கீழே உட்கார்ந்துகொள்வாள். தூக்கம் போயிற்று. உப்புப் போட்டோமா என்பது மறந்தது. தெரிந்த சொல் வாய்க்கு வராமல் நின்றது. வந்து பார்த்த உறவினர் ஒருத்தி, காத்து கருப்பு பிடித்திருக்கும் என்று வேப்பிலை அடிக்க ஆள் கூட்டி வந்தாள். சித்தி அதற்கும் உட்கார்ந்தாள். இதற்கெல்லாம் ஒரே காரணம் உண்டு என்று அவளுக்குத் தோன்றவில்லை, அல்லது அவளுக்கு வேறு ஒரு காரணம் இருந்தது. "பெத்துப் போட்டவளுக்கு ஒடம்பு தேறும். பறிகுடுத்தவளுக்கு எப்டித் தேறும்?" என்றாள் ஒருநாள்.

சித்தப்பா தனக்குத் தெரிந்ததைச் செய்தார். சமையலறைக்கு ஒரு டேபிள் பேன் வாங்கி வந்தார். போட்டதும் கேஸ் அடுப்பு அணைந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தகரத்தை வெட்டி வளைத்து அடுப்புக்கு மூன்று பக்கமும் மறைப்புச் செய்தார். சித்தி அன்று மாலை சமைத்துக்கொண்டிருக்கும்போது சூடு வந்தது. அந்தத் தகரத்தைப் பிடுங்கிப் பின்கட்டில் எறிந்தாள். கொதித்துக்கொண்டிருந்த குழம்பும் அதோடு போயிற்று. பிறகு தரையைத் துடைத்துக்கொண்டே, "நான் இல்ல பாப்பா, நான் இப்டி இல்ல" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். சித்தப்பா முருங்கை மரத்தடியில் தகரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அவ்ளோ பெரிய மெஷினு, கடல் தண்ணிய இழுத்து வுட்டுக் குளிர வெச்சிடறோம். இவளுக்கு இன்னா பண்றதுன்னு தெர்லயேம்மா" என்றார். எனக்குப் பதினேழு வயது. என் உடம்பில் அது மாதாமாதம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அதை அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் என்னால் முடிந்தது. கறைபட்ட துணிகளை அவள் கோவிலுக்குப் போகும் நேரமாகப் பார்த்து அலசினேன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பெண் பிறந்தது. சித்தி மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் போனாள். திரும்பி வந்து, "குப்புற விழுதுடி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நம்முளுதும் இந்நேரம் விழுந்திருக்கும்" என்றாள். அதிலிருந்து அந்தப் பெண்ணை வைத்துத்தான் கணக்கு. அதற்குப் பல் முளைத்தபோது, அது நடை பழகியபோது, எல்.கே.ஜி. சேர்ந்தபோது, 'நம்முளுது'ம் கூடவே வளர்ந்தது. வெளி ஆட்களிடம் சொல்லமாட்டாள். என்னிடம், அம்மாவிடம், சித்தப்பாவிடம் மட்டும். அம்மா முதலில் அதட்டிப் பார்த்தாள், பிறகு சாமியார்களிடம் கேட்டுப் பார்த்தாள், கடைசியில் பேச்சை மாற்றக் கற்றுக்கொண்டாள். சித்தப்பா ஒவ்வொரு முறையும் எழுந்து வெளியே போய்விடுவார்.

நான் கல்லூரிக்குப் போனேன், திருமணமாகிச் சென்னைக்குப் போனேன். சித்திக்கு நாற்பத்தெட்டில் முழுவதும் நின்றது. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் சூடும் குறைந்தது. கோபம் தணிந்தது, தூக்கம் கொஞ்சம் திரும்பியது. ஆனால் உடம்பு வேறு விதமாகக் கணக்குத் தீர்த்தது. ஐம்பத்தைந்து வயதில் குளியலறையில் சாதாரணமாகக் கை ஊன்றியதில் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு எண்பது வயதுக்காரியின் எலும்பு போலிருக்கிறது, ஈஸ்ட்ரோஜன் போனால் எலும்பின் காவலும் போய்விடும் என்று கட்டுப் போட்ட டாக்டர் விளக்கினார். முறிந்தது கோணலாகச் சேர்ந்தது. சித்தப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, செங்கல்பட்டில் ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன வீட்டுக்கு வந்தார்கள்.

அங்கே நான் போயிருந்த ஒரு மே மாதத்தில் கல்பாக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண் தன் அம்மாவோடு வந்தாள். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். இனிப்பு கொண்டுவந்திருந்தாள். இரட்டைப் பின்னல், கம்பி போட்ட பல். சித்தி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கோணல் கையால் தலையைத் தடவினாள். அவர்கள் போன பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். சித்தப்பா ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, தட்டைப் பார்த்தபடி, "நம்முளுதும் பாஸ் பண்ணியிருக்கும்" என்றார்.

சித்தி தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள். பதினைந்து வருஷமாக அவர் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவர் நம்பத் தொடங்கிவிட்டாரா, அல்லது தனியாக இருப்பவளுக்குத் துணையாகப் போய் உட்கார்ந்தாரா என்று எனக்கு இன்று வரை தெரியாது. கேட்கவும் இல்லை. சித்தி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன் அவர் போய்விட்டார்.

எனக்கு இப்போது நாற்பத்தேழு. சென்ற வருஷம் எனக்கும் தள்ளிப்போகத் தொடங்கியது. நடுக்கூட்டத்தில் காது மடல் வரை எரிந்து வியர்வை வழிந்தபோது, அது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பார்க்கும் டாக்டருக்கு முப்பது வயதுதான் இருக்கும். மேசை மேல் பிளாஸ்டிக் கர்ப்பப்பை ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினாள். மூளையில் உடம்பின் சூட்டைக் கவனிக்கும் இடம் ஏன் தடுமாறுகிறது, தூக்கம் ஏன் கெடுகிறது, சொல் ஏன் மறக்கிறது, எலும்புக்கு என்ன சாப்பிட வேண்டும், எதற்கு மாத்திரை உண்டு, எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். செங்கல்பட்டு டாக்டரம்மா அன்று சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் என்னால் கேட்டுக்கொள்ள முடிந்தது.

அதையெல்லாம் ஒருமுறை சித்தியிடம் சொல்லிவிடலாம் என்று கிளம்பிப் போனேன். என் உடம்பை வைத்துச் சொன்னால் ஏற்றுக்கொள்வாள் என்று தோன்றியது. உன்னால் எதுவும் கலையவில்லை, நீ பஸ்ஸில் ஏறியதால் எதுவும் ஆகவில்லை என்று சொல்ல வேண்டும். மதிய நேரம். கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். எழுபது தாண்டிவிட்டது, முதுகு வளைந்துவிட்டது. நான் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், "எனக்கு ரெண்டு மாசமா வரல சித்தி" என்றேன்.

வெற்றிலையைக் கீழே வைத்தாள். அந்த முகத்தில் எத்தனையோ வருஷமாக நான் பார்க்காத வெளிச்சம் வந்தது. அவசரமாக எழப் பார்த்து, முடியாமல், என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். கோணிப்போன அந்தக் கையை என் வயிற்றின் மேல் வைத்தாள்.

"யாராண்டயும் இப்ப சொல்லாத" என்றாள் மெதுவாக. "டாக்டராண்டயும் போவாத. மூணு மாசம் முடியட்டும். பாத்து இருடி."

ஜன்னலுக்கு வெளியே வெயிலில் ஏரி கண் கூச மின்னியது. அவள் கை என் வயிற்றின் மேல் கனமாக, கதகதப்பாக இருந்தது.

"சரி சித்தி" என்றேன்.